'வீடு வரை உறவு' பாட்டுக்கு முன்னால் இருந்த நாலு வரி

தம்பி, நீங்கள் கேட்டது இது. தண்டையார்பேட்டையில் உங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்த பத்திரிகையின் மேலே "அத்தமும் வாழ்வும்" என்று தொடங்கும் நாலு வரி இருந்தது. படித்தவுடனே "வீடு வரை உறவு" பாட்டு உங்களுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, உண்டென்றால் கண்ணதாசன் காப்பி அடித்தாரா, வேறு பாட்டுகளிலும் இப்படி இருக்கிறதா, உங்கள் ஆயாவின் முதலாண்டு நினைவுக்கு அடிக்கப்போகும் பேனரில் அதே வரிகளைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பந்தம் உண்டு. நன்றாகவே உண்டு. அந்த நாலு வரி பட்டினத்தார் பாட்டு. பத்திரிகையில் பிழையோடு வந்திருக்கலாம் என்பதால் முழுதாகத் தருகிறேன்:

அத்தமும் வாழ்வும் அகத்துமட் டேவிழி அம்பொழுக
மெத்திய மாதரும் வீதிமட் டேவிம்மி விம்மிஇரு
கைத்தலை மேல்வைத் தழும்மைந் தரும்சுடு காடுமட்டே
பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே.

அத்தம் என்றால் பொருள், காசு பணம். சம்பாதித்ததும் வாழ்ந்த வாழ்வும் வீட்டோடு நின்றுவிடும். கண்ணீர் ஒழுக அழும் பெண்கள் தெரு வரைக்கும்தான். இரண்டு கையையும் தலைமேல் வைத்து விம்மி விம்மி அழும் பிள்ளைகள் சுடுகாடு வரைக்கும்தான். அதற்குப் பிறகும் விடாமல் கூட வருவது நல்வினை, தீவினை என்ற இரண்டு மட்டும்.

இப்போது பாட்டுக்கு வருவோம். படம் 'பாதகாணிக்கை', 1962. இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி, பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். பல்லவி: "வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை, கடைசி வரை யாரோ." வீடு, வீதி, காடு. பட்டினத்தார் நட்ட மூன்று எல்லைக்கல்லும் அதே வரிசையில், அதே இடத்தில் இருக்கின்றன. தற்செயலாக இப்படி அமையாது.

இது வெறும் கற்பனை வரிசையும் இல்லை. நம் பக்கத்துச் சாவு ஊர்வலம் ஒன்றின் பின்னால் நடந்து பாருங்கள். மேளம் முன்னால் போகும், பூவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போவார்கள். தெருமுனை வந்ததும் பெண்கள் நின்றுவிடுவார்கள். மார்பில் அடித்துக்கொண்டு வந்தவர்களை யாராவது தோளைப் பிடித்துத் திருப்பி அழைத்துப் போவார்கள். பல குடும்பங்களில் இன்றும் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கிருந்து ஆண்கள் மட்டும், கொள்ளி வைக்கும் பிள்ளையோடு. பட்டினத்தார் பாட்டு அந்த ஊர்வலத்தோடு நடந்துபோகிறது. தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ வளர்ந்த ஒருவருக்கு அதற்கு உரை தேவைப்படாது.

கருத்து மட்டும் என்று பார்த்தால் பட்டினத்தாருக்கும் முன்னால் போகலாம். வடமொழியில் ஒரு தனிச்செய்யுள் உண்டு. செல்வம் மண்ணிலும், மாடு தொழுவத்திலும், மனைவி வீட்டு வாசலிலும், உறவினர் சுடுகாட்டிலும், உடல் சிதையிலும் நின்றுவிட, உயிர் தன் வினையோடு தனியே போகிறது என்கிறது அது. திருமந்திரத்தில் இன்னொரு காட்சி:

ஊரெல்லாம் கூடி ஒலிக்க அழுதிட்டுப்
பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டுச்
சூரையங் காட்டிடைக் கொண்டுபோய்ச் சுட்டிட்டு
நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே.

என்னைக் கேட்டால் தமிழில் சாவைப் பற்றிச் சொன்னதிலேயே மிகக் கடுமையான வரி அந்த இரண்டாவது வரிதான். நேற்று வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவனை இன்று "பாடி எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்கிறோம் இல்லையா? நாலடியாரோ இன்னும் ஒரு படி மேலே போய்ப் பறையின் சத்தத்தையே வெண்பாவுக்குள் வைக்கிறது. சுற்றத்தார் கூட்டமாக அலற, பிணத்தைக் காட்டுக்குக் கொண்டுபோவதைக் கண்ணால் பார்த்த பிறகும், கல்யாணம் கட்டிக்கொண்டு இங்கே சுகம் "உண்டு உண்டு உண்டு" என்று நினைக்கிறவனுக்குப் பறை பதில் சொல்கிறதாம்: "டொண் டொண் டொண்." அந்த மூன்று 'உண்டு'க்கு இந்த மூன்று 'டொண்'. சாவு மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் சட்டென்று பிடிபடும்.

ஆகவே கருத்தை வைத்துக் காப்பி என்று சொல்ல முடியாது. கருத்து யாருடைய சொத்தும் கிடையாது. கண்ணதாசன் பட்டினத்தாரிடமிருந்து எடுத்தது வரிசையை, 'இது வரை, இது வரை' என்று அடுக்கும் கட்டுமானத்தை. எடுத்ததை அவர் என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் யாப்பு, அதாவது செய்யுள் கட்டும் இலக்கணம். பட்டினத்தார் பாட்டு கட்டளைக் கலித்துறை. அடிக்கு ஐந்து சீர், அதாவது ஐந்து சொல்துண்டு. அதோடு எழுத்துக் கணக்கும் உண்டு: ஓரெழுத்து அசையான நேரசையில் தொடங்கினால் புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு அடிக்கு 16, ஈரெழுத்து அசையான நிரையசையில் தொடங்கினால் 17. முதல் அடியை எண்ணிப் பாருங்கள். அ, த, மு, வா, வு, அ, க, து, ம, டே, வி, ழி, அ, பொ, ழு, க: 16. மற்ற மூன்று அடியும் அப்படியே 16 வரும். இவ்வளவு கெடுபிடிக்குள் உட்கார்ந்துகொண்டு, அழுகையை ஒரே மூச்சில் அடுத்த அடிக்குள் தள்ளிவிடுகிறார் மனிதர். "விம்மி விம்மி இரு" என்று ஓர் அடி முடிய, "கைத்தலை மேல்" என்று அடுத்தது தொடங்குகிறது. விம்மல் நடுவில் அறுபடுவது காதில் விழுகிறது.

இந்த மாதிரிச் செய்யுளைத் தாளத்தில் பாடும் வழக்கம் குறைவு. விருத்தமாக, ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு தாளம் இல்லாமல் இழுத்துப் பாடுவார்கள். கோயிலில் ஓதுவார் பாடும்போதும் பழைய நாடகக்காரர்கள் பாடும்போதும் அப்படித்தான். சினிமா அந்தப் பழக்கத்தைத் தொகையறா என்ற பெயரில் வாங்கிக்கொண்டது. 'பாதகாணிக்கை' பாட்டும் தொகையறாவோடுதான் தொடங்குகிறது. ஆடிய ஆட்டம் என்ன, பேசிய வார்த்தை என்ன, தேடிய செல்வம் என்ன என்று கேள்விகளாக அடுக்கி, உயிர் போனால் கூட வருவது என்ன என்று நிறுத்துகிறார். பட்டினத்தாரின் முதல் அடியில் இருந்த 'அத்தம்', அதாவது செல்வம், இந்த இடத்திலேயே கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் பல்லவியில் வீட்டோடு நிற்பது செல்வமாக இல்லாமல் உறவாக மாறியிருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

அப்புறம் தாளம் விழுகிறது. தாளத்துக்குக் கலித்துறையின் நீளம் ஒத்துவராது. கண்ணதாசன் ஒவ்வோர் அடியையும் இரண்டே சீராக வெட்டிவிட்டார். 'வீடுவரை', 'வீதிவரை', 'காடுவரை' மூன்றும் ஒரே அளவு, இலக்கணத்தில் அதற்குக் கூவிளங்காய் என்று பெயர். நாலாவதாக வரும் 'கடைசிவரை' மட்டும் குறிலில் தொடங்குகிறது, கருவிளங்காய். மூன்று முறை நெடிலில் ஊன்றிய காலடி, நாலாவதில் சற்றே தடுமாறுகிறது. மெட்டுக்கு எழுதிய கவிஞனின் காது வேலை செய்யும் இடம் அது. கண்ணீர், விம்மல், தலைமேல் வைத்த கை எல்லாவற்றையும் அவர் தூக்கி எறிந்துவிட்டார். அவற்றைக் கொடுக்க டி.எம்.எஸ். குரல் இருக்கிறதே, வார்த்தையிலும் எதற்கு?

ஆனால் பெரிய மாற்றம் கடைசிச் சொல்லில் இருக்கிறது. பட்டினத்தாரிடம் விடை உண்டு. கடைசி வரை வருவது புண்ணியமும் பாவமும் என்று முடித்துவிடுகிறார். அவருக்குச் சந்தேகமே இல்லை. கண்ணதாசன் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு 'யாரோ' என்று ஒரு கேள்வியை வைத்தார். சரணத்திலும் வினை, மறுபிறவி என்று போகாமல் சூனியம் என்றுதான் சொல்கிறார். அவர் அப்போது இருந்த நிலையையும் நினைத்துப் பாருங்கள். திராவிட இயக்கத்தில் வளர்ந்தவர், 1961இல் தி.மு.க.வை விட்டு வெளியேறி ஈ.வெ.கி. சம்பத்தோடு தமிழ் தேசியக் கட்சிக்குப் போனவர். 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதிய கண்ணதாசன் வர இன்னும் பத்து வருடம் இருந்தது. பழைய நம்பிக்கை கழன்று புதியது ஒட்டாமல் இருந்த ஒருவர் பட்டினத்தாரைப் படித்தால் அந்த 'யாரோ' வருவது இயல்புதான் என்பது என் கணிப்பு.

அந்த ஒரு சொல்லால்தான் பாட்டு எல்லார் வீட்டுக்கும் போனது என்றும் நினைக்கிறேன். இருவினை என்று சொல்லியிருந்தால் அது ஒரு சமயத்தாரின் பாட்டாக நின்றிருக்கும். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் போகிறவரும், பள்ளிவாசலுக்குப் போகிறவரும், எதற்கும் போகாத தொழிற்சங்கத் தோழரும் தங்கள் வீட்டுச் சாவில் இந்தப் பாட்டு ஒலிப்பதைச் சங்கடமில்லாமல் கேட்க முடிவது 'யாரோ' கொடுத்த இடம். வடசென்னைச் சாவு வீட்டு கானாவும் இதே நூலைப் பிடித்ததுதான். ராத்திரி முழுக்கப் பாடும் கானாக்காரர் முதலில் தாளமில்லாமல் குரலை இழுத்து இரண்டு வரி விடுவார், பிறகு அடி விழும். விருத்தம், தொகையறா, கானாவின் எடுப்பு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள், குடும்ப ஜாடை தெரியும். கோயில் சங்கீதம் தனி, சினிமா தனி, கானா தனி என்று பிரிக்கிறவர்கள் இதை ஒருமுறை கேட்கலாம்.

டி.எம்.எஸ். பற்றி ஒரு கொசுறு. அதே 1962இல்தான் 'பட்டினத்தார்' என்ற படமும் வந்தது. ஜி. ராமநாதன் இசை. பட்டினத்தாராக நடித்தவர் டி.எம்.எஸ்.தான். ஒரே ஆண்டில் ஒரே தொண்டை மூலத்தையும் அதன் மறுபிறப்பையும் பாடியிருக்கிறது. அதற்கு முன் 1936இலேயே எம்.எம். தண்டபாணி தேசிகர் பட்டினத்தாராக நடித்த படம் வந்துவிட்டது. ஆக 1962இல் கொட்டகைக்குப் போன ரசிகருக்குப் பட்டினத்தார் புதிய ஆள் இல்லை. அந்தக் காலத்துக்காரர்கள் பலர் பாட்டைக் கேட்டபோதே மூலத்தை அடையாளம் கண்டிருப்பார்கள். நமக்குத்தான் இப்போது கண்டுபிடிப்பாகத் தெரிகிறது.

உங்களுக்கு இது பக்கத்து ஊர்ச் செய்தியும்கூட. பட்டினத்தார் சமாதி திருவொற்றியூரில், கடலோரமாக எண்ணூர் போகும் சாலையில் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் தேரடியில் இறங்கினால் அங்கிருந்து கிட்டம்தான். ஊர் ஊராகக் கையில் கசக்கும் பேய்க்கரும்போடு திரிந்தவருக்கு, அதன் நுனி இனித்த இடம் ஒற்றியூர் என்பது கதை. அதனால்தான் படங்களில் எல்லாம் கையில் கரும்பு. ஆடி உத்திராடத்தில் குருபூஜை நடக்கும், போய்ப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பட்டினத்தார் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் உண்டு. சைவப் பாடல் தொகுப்பான பதினோராம் திருமுறையில் 'திருவொற்றியூர் ஒருபா ஒருபது' பாடியவர் முந்தியவர், அவர் தமிழ் இறுக்கமானது. 'மட்டே' என்று சரளமாகப் போடும் நம் பாட்டுக்காரர் பிந்திய காலத்தவர். மக்கள் மனசில் இரண்டு பேரும் ஒருவராகிவிட்டார்கள்.

கண்ணதாசனுக்கும் திருவொற்றியூர் தெரியாத ஊர் இல்லை. சிறுகூடல்பட்டியிலிருந்து வந்த பையன் 1943இல் வேலைக்குச் சேர்ந்தது திருவொற்றியூர் ஏஜாக்ஸ் கம்பெனியில். இன்றும் அந்தப் பெயரில் பஸ் ஸ்டாப் இருக்கிறது. இதை வைத்து, பதினாறு வயதுப் பையன் சமாதியில் உட்கார்ந்து பாட்டு யோசித்தான் என்று கதை கட்ட வேண்டாம். பட்டினத்தார் அவருக்கு வீட்டிலேயே அறிமுகம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரான பட்டினத்தாரை நகரத்தார் தங்கள் மரபின் பெரியவராகக் கொண்டாடுவார்கள், கண்ணதாசன் அந்த மரபில் பிறந்தவர்.

வேறு பாட்டுகள் உண்டா என்றால், நிறைய. எனக்குப் பிடித்த ஜோடி குறுந்தொகை 40ஆம் பாட்டு. "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்று தொடங்கும் ஐந்தடிப் பாட்டு. என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த வகையில் சொந்தம், நானும் நீயும் எப்படி அறிந்தோம், ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நெஞ்சம் கலந்துவிட்டதே என்கிறான் தலைவன். 1965இல் வந்த 'வாழ்க்கைப் படகு' படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய "நேற்று வரை நீ யாரோ நான் யாரோ" இந்த வித்திலிருந்து முளைத்தது. எழுதியவர் கண்ணதாசன்தான். கல்யாணத்துக்கும் 'யாரோ', சாவுக்கும் 'யாரோ'!

அதே குறுந்தொகைப் பாட்டை 1997இல் 'இருவர்' படத்தின் "நறுமுகையே"யில் வைரமுத்து கையாண்டார், ஏ.ஆர். ரஹ்மான் இசையில். அதில் "அற்றைத் திங்கள்" என்று வரும் இடம் இன்னும் சுவாரசியமானது. அது புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது. அன்றைய நிலவில் எங்கள் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இன்றைய நிலவில் வென்ற வேந்தர் குன்றைக் கொண்டார், தந்தையும் இல்லை என்று இரண்டு பெண்கள் அழும் பாட்டு. அந்த நிலவைக் காதலர் சந்திப்புக்குக் கொண்டுபோனது சரியா என்று தமிழாசிரியர்கள் சண்டை போடலாம். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் மூலம் தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் ஓர் உறுத்தல் இருக்கத்தான் செய்யும். கண்ணதாசன் பழம்பாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டுத் தன் சொல்லில் எழுதுவார். வைரமுத்து பழஞ்சொல்லையே நகையாக எடுத்துப் பூட்டுவார். எனக்கு முதல் வழி பிடிக்கும், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

கடைசியாகப் பேனர். "அத்தமும் வாழ்வும்" ஆயாவுக்கு வேண்டாம். மாதர் வீதியோடு நின்றுவிடுகிறார்கள் என்று சொல்லும் அந்தப் பாட்டு, பாடையில் படுத்திருப்பவன் ஆண் என்று வைத்துக்கொண்டு எழுதியது. சினிமாப் பாட்டில் 'மனைவி' என்றே வந்துவிடுவதால் அதுவும் பொருந்தாது. போடுவதானால் பட்டினத்தாரே தம் தாய் இறந்தபோது பாடிய வெண்பாக்கள் இருக்கின்றன. ஒன்று இது:

வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும்
கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து – முட்டச்
சிறகிலிட்டுக் காப்பாற்றிச் சீராட்டும் தாய்க்கோ
விறகிலிட்டுத் தீமூட்டு வேன்.

('வீடு வரை உறவு' சரணத்தில் தொட்டில், கட்டில் என்று எதுகை வரும் இடத்தில் எனக்கு இந்த வெண்பாவின் வாடை அடிக்கும். போகட்டும்.) ஆயாவை அடக்கம் செய்திருந்தால் கடைசி அடி ஒத்துவராது. முதல் அடியும், "கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து" என்பதும் மட்டும் போட்டால் போதும், பேரப்பிள்ளைகள் சொல்வதாக அழகாக அமையும். இல்லையென்றால் "எப்பிறப்பில் காண்பேன் இனி" என்ற ஒற்றை அடி. அதுவும் அவர் தாய்க்குப் பாடிய இன்னொரு வெண்பாவின் முடிவுதான். போட்டோவுக்குக் கீழே ஒரே வரியில் அடங்கும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் புரூஃப் வாங்கிப் பாருங்கள். 'வட்டிலிலும்' என்பதை யாராவது 'வீட்டிலும்' என்று திருத்தி வைத்திருப்பார்கள். வட்டில் என்பது தனிச் சொல் என்று சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.